கால் வளைந்த முசியேவுக்கு

முசியே,

என் தம்பி சவரி என் வீட்டு முற்றத்தில் குந்திக்கொண்டு பந்துக்குச் சுறா எண்ணெய் தடவிக்கொண்டிருக்கிறான். என் வீட்டுக்காரர் படகு கட்டுகிறவர். அதனால் இந்த எண்ணெய் எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு சட்டி இருக்கும். அவர் பலகைக்குப் பூசுவதை இவன் பந்துக்குப் பூசுகிறான். வாடை தாங்கவில்லை. அடுப்பில் கொதிப்பது என்ன குழம்பு என்று எனக்கே மறந்துவிட்டது. வெளியே கொண்டுபோய்த் தடவுடா என்று கத்த வாயெடுத்தேன், பிறகு கத்தவில்லை. நீங்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, தட்டில் இருந்த மல்லிகைச் சரத்தையும் மீறி உங்கள் கையிலிருந்து அடித்தது இதே வாடைதான்.

சைகோனில் காய்ச்சலில் நீங்கள் போய்ச் சேர்ந்த செய்தியைக் கோயிலில் சொல்லி ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உங்களுக்குப் பூசை வைத்தோம். என் வீட்டுக்காரரே மெழுகுவர்த்தி வாங்கி வந்தார். அன்றைக்கு நான் அதிகம் அழவில்லை. அழுதால் ஏன் என்று கேட்பார்கள். இன்றைக்கு இந்த எண்ணெயைச் சாக்கு வைத்துக் கொஞ்சம் துடைத்துக்கொண்டேன். அதோடு விடாமல், கன்னியர் பள்ளிக்கூடத்தில் கற்ற எழுத்து வீணாக வேண்டாமே என்று இதையும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

உங்களிடமே உங்களைப் பற்றிச் சொல்வது வேடிக்கைதான். ஆனாலும் சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. ரயிலடிக்கு அந்தப் பக்கம் இருந்த சின்னக் கொலேழ் பள்ளிக்கூடத்தில் நீங்கள் தேகப்பயிற்சி வாத்தியார். கால்பந்து வாத்தியாரும் நீங்கள்தான், பந்தைத் தைக்கிறவரும் நீங்கள்தான். அப்பா அம்மா இல்லாத ஆள், கொலேழிலேயே ஓர் அறையில் குடியிருந்தீர்கள். எங்கள் குருசுக்குப்பத்தில் வெள்ளைக்காரத் துரைகளைத்தான் முசியே என்போம். நிறத்தில் எங்களுக்கு ஒரு படி மேலே கறுத்திருந்த உங்களையும் அப்படியே கூப்பிட்டோம், ஏனென்றால் நீங்கள் மட்டும்தான் கடற்கரையில் காற்சட்டையோடு உட்கார்ந்து எங்கள் பையன்களை வேடிக்கை பார்த்தீர்கள். உங்கள் தாத்தா காரைக்காலில் வலை இழுத்தவர் என்று கோயில் உபதேசியார் சொன்ன பிறகுதான் பெரியவர்களுக்கு உங்கள் மேல் இருந்த சந்தேகம் போயிற்று.

உங்களுக்கு அப்போது என்ன நெருக்கடி என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கொலேழை நடத்திய சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்: இந்த வருசமும் கூடை கூடையாகக் கோல் வாங்கினால் மைதானத்தில் தென்னங்கன்று வைத்துவிடுவேன் என்று. உங்களிடம் ஓடுகிறவர்கள் இருந்தார்கள், உதைக்கிறவர்கள் இருந்தார்கள். கோலில் நிற்க ஆள் இல்லை. கொஞ்சம் தேறுகிற பையனாக இருந்தால், பிரெஞ்சு எல்லைக்கு அப்பால் இருந்த பெரிய இங்கிலீஷ் கல்லூரிக்காரர்கள் மோட்டாரில் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களிடம் பூட்ஸ் இருந்தது, விடுதி இருந்தது. உங்களிடம் ஒரு சைக்கிள் இருந்தது, அதற்கும் மணி அடிக்காது.

அதனால்தானோ என்னவோ, அவர்கள் பார்க்காததை நீங்கள் பார்த்தீர்கள். மோட்டார்க்காரர்கள் யார் கோல் போடுகிறான் என்று பார்ப்பார்கள். நீங்கள் பந்தாட்டம் முடிந்த பிறகும் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் உட்கார்ந்திருப்பீர்கள். அலையில் போன பந்தை எவன் சிணுங்காமல் போய் எடுத்து வருகிறான், கோல் வாங்கியதும் எவன் அடுத்தவனைத் திட்டுகிறான், இதையெல்லாம் பார்ப்பீர்கள். சவரியை நீங்கள் பிடித்தது பந்தாட்டத்தில் இல்லை. படகு கரை ஒதுங்கும்போது ஈரக் கயிற்றைச் சுருட்டி வீசுவார்கள் இல்லையா, அதைக் கரையில் நின்று பிடிக்கிறவன் அவன். காற்றில் வளைந்து வந்தாலும், கண்ணில் உப்புத் தண்ணீர் அடித்தாலும் ஒரு தடவைகூட விட்டதில்லை. அப்போது அவன் கன்னியர் தெருப் பள்ளிக்கூடத்தில் கடைசி வகுப்பு. பந்தாட்டத்தில் அவனை யாரும் ஒரு பொருட்டாகவே நினைத்ததில்லை.

இனி அந்தத் தட்டுக்கு வருகிறேன். சிரிக்காதீர்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் நீங்கள் ரெட்டியார்பாளையத்தில் ஒரு பையனைக் கேட்கப் போயிருக்கிறீர்கள். அந்த வீட்டுப் பெரியவர், "கைய வீசிக்கினு வந்து புள்ளயக் கேக்கறதாயா மரியாதை?" என்று திண்டாட வைத்துவிட்டார். நீங்கள் படித்தவர், ஒரு தடவை குட்டுப்பட்டால் போதும். எங்கள் வீட்டுக்கு வரும்போது பெரிய கடையில் ஒரு பித்தளைத் தட்டே வாங்கி, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்கண்டு, மேலே மல்லிகைச் சரம் என்று அடுக்கிக்கொண்டு வந்தீர்கள். தனியாக வரக் கூச்சப்பட்டு, கோயில் உபதேசியாரைக் கூப்பிட்டீர்கள். அவரிடம் விவரம் சொன்னீர்களா என்றால் அதுவும் இல்லை. சவரி வீட்டில் ஒன்று கேட்கவேண்டும், கூட வாருங்கள் என்றீர்களாம். தட்டைப் பார்த்த பிறகு அவர் எதற்கு விவரம் கேட்கப் போகிறார்?

எங்கள் குப்பத்தில் பூ வைத்த தட்டு தெருவில் நடந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த நேரம், தெரு முழுக்க ஆள். உபதேசியார் முன்னால் நடக்கிறார், நீங்கள் பின்னால் தட்டோடு. நீங்கள் எங்கள் வாசலைத் தொடுவதற்குள், எதிர்வீட்டு செபஸ்தியம்மா அத்தை கொல்லைப்பக்கமாக ஓடிவந்து என் தலையில் எண்ணெய் வைத்துச் சீவ ஆரம்பித்துவிட்டாள். "முசியேடி, முசியே! தட்டோட வர்றாரு!" என்று அவள் மூச்சு வாங்கினாள். அம்மா பெட்டியைத் திறந்து திருநாள் சேலையை எடுத்தாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உள்ளே பேச்சு பிரமாதமாக நடந்தது. "ஒழுக்கமான புள்ள. ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்றார் உபதேசியார். நீங்கள் சவரியைச் சொல்கிறார் என்று நினைத்து, "ஆமா, நானும் ரொம்ப நாளா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றீர்கள். செபஸ்தியம்மா அத்தை கதவுக்குப் பின்னால் என்னைக் கிள்ளினாள். அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "காபி கொண்டாரச் சொல்லு" என்றார்.

காபித் தம்ளரோடு நான் வந்தேன். தலையைக் குனிந்துகொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். தம்ளரை நீட்டும்போது மட்டும் நிமிர்ந்துவிட்டேன். உங்கள் சிரித்த முகம் என்னைப் பார்த்தது, பூவைப் பார்த்தது, வாசலில் அடைத்து நின்ற பெண்களைப் பார்த்தது. பிறகு சிரிப்பு அப்படியே நின்றது. நீங்கள் எனக்காக வரவில்லை என்று அந்த வீட்டில் தெரிந்துகொண்டவள் நான் ஒருத்திதான். அந்த நிமிடம் உடம்பெல்லாம் எரிந்ததை இப்போதும் சொல்ல முடியும்.

நீங்கள் காபியைக் குடித்து முடித்தீர்கள். ஒரு வார்த்தை பெண்ணிடம் பேசலாமா என்று கேட்டீர்கள். வெள்ளைக்காரப் படிப்பு படித்தவர், அப்படித்தான் கேட்பார் என்று உபதேசியார் சமாதானம் சொன்னார். அம்மா பார்க்கிற தூரத்தில், கேட்காத தூரத்தில், கொல்லைக் கிணற்றடியில் நின்றோம்.

"மன்னிச்சுக்குங்க. நான் உங்க தம்பிய எங்க கொலேழுக்குக் கேக்கத்தான் வந்தேன். கோலுக்கு ஆளில்ல" என்றீர்கள்.

அதுவரை என்னை யாரும் 'நீங்க' என்று சொன்னதில்லை. அதனால்தான் அழாமல் பேச முடிந்தது.

"அப்ப தட்டு எதுக்கு?"

"வெறுங்கையோட வரக் கூடாதுன்னாங்க."

"பூ?"

"பூ வச்சா அழகா இருக்கும்னு..."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து பயமும் வந்தது. "முசியே, நீங்க இத உள்ள போயி சொன்னீங்கன்னா, தட்டு வந்து பொண்ணப் பாத்துட்டு வேணாம்னு திரும்புன வீடுன்னு ஆயிடும். யாரும் உங்க கதைய நம்ப மாட்டாங்க. அப்புறம் என்னை யாரு வந்து கேப்பாங்க?" என்றேன்.

நீங்கள் கிணற்றுக்குள் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். எனக்கு அப்போது தெரியாது; பெரிய கல்லூரி மோட்டார் அடுத்த வாரம் குப்பத்துக்கு வரப்போவது உங்களுக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அப்பாவிடம் சவரியைக் கேட்காமல் போனால் சவரி போய்விடுவான், அவன் போனால் மைதானத்தில் தென்னங்கன்றுதான். அவ்வளவும் தெரிந்துதான் நீங்கள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னீர்கள்:

"அப்ப நீங்க என்னை வேணாம்னு சொல்லிடுங்க."

"நானா?"

"நீங்கதான். பொண்ணு வேணாம்னா யாருக்கும் ஒரு கொறையும் இல்லையே."

"என்னா காரணம் சொல்றது?"

நீங்கள் உங்களையே மேலும் கீழும் பார்த்துக்கொண்டீர்கள். "கால் வளைஞ்சிருக்குன்னு சொல்லுங்க. பந்தாடி ஆடி வளைஞ்சுடுச்சு. பாத்தாலே தெரியும்."

நான் உள்ளே போய் அம்மாவின் காதில் அதைத்தான் சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "காலு வளைஞ்சா என்னாடி, நடக்கறாரு இல்ல?" என்றாள். அப்பா முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டார். நீங்கள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டீர்கள். கொல்லை வழியாகக் கடற்கரையில் இறங்கி ஒருவர் கண்ணிலும் படாமல் போயிருக்கலாம். நீங்கள் வந்த வழியே, தெரு நடுவில், தட்டை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு மெதுவாக நடந்து போனீர்கள். வேண்டாம் என்று திருப்பப்பட்டது யார் என்று எல்லோரும் பார்க்கட்டும் என்று. நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். பழம் மட்டும் ஒன்று உருண்டு விழுந்தது. குனிந்து எடுத்துத் துடைத்துத் தட்டில் வைத்துக்கொண்டீர்கள்.

அடுத்த வாரம் மோட்டார் வந்தது. பையன்கள் பின்னாலேயே ஓடினார்கள். கரையில் சவரி ஒரு தடவைகூட விடாமல் கயிறு பிடிப்பதை யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். பளபளவென்று ஒரு ஜோடி பூட்ஸை எங்கள் பாயின் மேல் வைத்தார்கள். அது அவன் காலுக்கு ஒரு பிடி பெரிதாக இருந்தது, அதைப் பற்றி அவனுக்குக் கவலை இல்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அப்பா அனுப்பிவிட்டார். அவருக்கு வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தேடி வந்த மனிதரைத் தெருவில் தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டோமே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஒரு பெரிய கொடுவா மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு, சவரியையும் இழுத்துக்கொண்டு, உங்கள் கொலேழுக்கு வந்தார்.

அங்கே நடந்ததைச் சவரி எனக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். "பொட்டப்புள்ள புத்தி முசியே, மனசுல வச்சுக்காதீங்க. நான் உங்களுக்கு என்னா செய்யட்டும், சொல்லுங்க" என்றாராம் அப்பா. அப்போதும் நீங்கள் உடனே கேட்கவில்லை. முதலில் உங்களிடம் இல்லாததை எல்லாம் சொன்னீர்களாம். பூட்ஸ் கிடையாது, வெறுங்கால்தான். விடுதி கிடையாது. ஜெயிப்போம் என்று சொல்ல முடியாது. பிறகுதான் சவரியைக் கேட்டு, இருப்பதைச் சொன்னீர்களாம்: மத்தியானம் சாமியார்களோடு சோறு உண்டு, சாயங்காலம் பரீட்சைப் பாடம் நானே சொல்லித் தருவேன், இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவான். "கொடுக்க முடியாதத மொதல்ல சொல்லிடணும்" என்பது உங்கள் பழக்கம். அப்பா சிரித்துவிட்டாராம். "பொண்ணத்தான் குடுக்க முடியல, பையனையாவது கூட்டிக்கினு போங்க" என்றாராம். பூட்ஸ் மறுநாளே எல்லையைத் தாண்டித் திரும்பிப் போயிற்று. சவரி இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அந்த வருசம் நீங்கள் ஒன்றும் கோப்பை வாங்கிவிடவில்லை. ஆனால் கூடை கூடையாகக் கோல் வாங்குவது நின்றது. அப்பா ஒரு பழைய வலையைக் கொடுத்தார். சவுக்குக் கம்பத்தில் அதைக் கட்டினீர்கள். பந்து அதற்குள் போனால் மீன் பட்டது போலத் துள்ளும். பெரிய கல்லூரிக்காரர்கள் வந்து ஆடியபோது சவரி அந்த வலைக்கு முன்னால் நின்று, கயிறு பிடிப்பது போலவே ஒவ்வொன்றாகப் பிடித்தான். ஆட்டம் சமமாக முடிந்தது. சாமியார் தென்னங்கன்றைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை.

குப்பம் மட்டும் உங்களை விடவில்லை. மைதானத்தின் ஓரத்தில் நின்று, "கால் வளைஞ்ச முசியே!" என்று எங்கள் ஆட்கள் கூப்பிடுவார்கள். நீங்கள் காலைத் தூக்கிக் காட்டி அவர்களைவிடச் சத்தமாகச் சிரிப்பீர்கள். பெண்கள் கூட்டத்தில் நான் இருந்தால் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பீர்கள்.

உங்கள் புண்ணியத்தில் என் மவுசு ஏறிவிட்டது முசியே. எவ்வளவு ஏறியது என்றால், வாத்தியாரையே வேண்டாம் என்றவள் நம்மை எங்கே பார்க்கப் போகிறாள் என்று ஒருத்தனும் எங்கள் தெருப்பக்கம் வரவில்லை. அம்மா உங்களையும் சேர்த்துத் திட்டினாள். நான் கன்னியர் மடத்துத் தையல் கூடத்துக்குப் போய்வந்தேன். அதுவும் உங்களுக்கு வசதியாகப் போயிற்று. சுற்றுப்பட்டு ஊர்ப் பெண்கள் எல்லாம் அங்கே வருவார்கள். சவரியிடம் சொல்லி அனுப்புவீர்கள், வீராம்பட்டினத்தில் இன்ன பையன், அவன் அம்மா மசியவில்லை, உங்க அக்காவிடம் கேள் என்று. நான் ஊசியைக் கோத்துக்கொண்டே விசாரிப்பேன். அந்த அம்மாவுக்குப் படிப்பைப் பற்றிப் பயம் இல்லை. ஆடி மாதத்து அம்மன் தேருக்குப் பையன் தோள் கொடுக்காமல் போய்விடுவானோ என்றுதான் பயம். சொல்லி அனுப்பினேன். தேர் அன்றைக்குப் பந்தாட்டமே கிடையாது என்று நீங்கள் போய் வாக்குக் கொடுத்தீர்கள். பையன் வந்தான். கடைசிவரை அவன்தான் உங்கள் இடது பக்கத்துக்கு.

இப்படி எத்தனை வீட்டைச் சேர்ந்து திறந்தோம்! நேருக்கு நேர் நின்று நாம் பேசியது என்னவோ அந்தக் கிணற்றடியில்தான். அதற்குப் பிறகு கடலுக்குள் நீண்டு கிடக்கிற பாலத்துறைமுகத்தில்.

சைகோனில் பெரிய பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து நீங்கள் கப்பல் ஏறிய நாளில் எங்கள் வீடே வழியனுப்ப வந்தது. அப்பாவும் சவரியும் உங்கள் பெட்டியைப் படகில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் என் பக்கம் வந்தீர்கள். அப்போதும் 'நீங்க'தான்.

"கால் இன்னும் வளைஞ்சுதான் இருக்கு, பாத்தீங்களா?" என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். ஆனால் சொல்லிவிட்டுப் போகவில்லை, நின்றீர்கள்.

"தெரியுது" என்றேன். வாயில் வந்தது அவ்வளவுதான். கீழே இருந்து அப்பா கூப்பிட்டார். நீங்கள் தலையை ஆட்டிவிட்டுப் படி இறங்கினீர்கள். படகு கப்பலை நோக்கிப் பாதி தூரம் போன பிறகுதான் நீங்கள் ஒன்று கேட்டீர்களோ என்று எனக்கு உறைத்தது. வேடிக்கையா கேள்வியா என்று அன்றிலிருந்து புரட்டிப் புரட்டிப் பார்க்கிறேன். இனிமேல் யாரிடம் போய்க் கேட்பது?

அதற்கு அடுத்த வருசம் இவர் தட்டோடு வந்தார். நல்ல மனிதர் முசியே, குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவருக்குப் பெருமை தாங்காது. புதிதாக யாரைப் பார்த்தாலும், "வாத்தியாரையே வேணாம்னவ, எனக்கு ஒரே பேச்சுல சரின்னுட்டா" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் அதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதை நான் எப்படிக் கெடுப்பேன்?

உங்கள் இடத்தில் இப்போது சவரிதான் கொலேழில் பந்து பார்த்துக்கொள்கிறான். பந்துக்கு எண்ணெய் போட்டு முடித்துவிட்டான். வீராம்பட்டினத்தில் இன்னொரு கயிறு பிடிக்கிறவனைக் கண்டுபிடித்திருக்கிறானாம். "அக்கா, அவங்கம்மா பேச்சே குடுக்க மாட்டேங்கறாங்க. நீயும் வா" என்கிறான். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தட்டு வேண்டாமா என்று கிண்டலாகக் கேட்டான். பந்துக்கு ஆள் கேட்கிறவர்கள் வெறுங்கையோடுதான் வரவேண்டும் என்பது இப்போது எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டுக்கும் தெரியும். அது உங்களால் வந்த வழக்கம். முற்றத்தில் இருந்து இவர் குரல் கொடுக்கிறார்: "அவளக் கூட்டிக்கினு போ, அவ வேணாம்னா வேணாம், சரின்னா சரி!" நானும் சேர்ந்து சிரித்தேன்.

கொடுக்க முடியாததை முதலில் சொல்லிவிட வேண்டும் என்பீர்கள். நான் எல்லாம் முடிந்த பிறகு சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு நான் உங்கள் காலைப் பார்க்கவே இல்லை முசியே. தம்ளரை நீட்டியபோது உங்கள் முகத்தைத்தான் பார்த்தேன். உங்கள் சிரிப்பு நிற்பதற்கு முன்னாலேயே, மனசுக்குள் சரி என்று சொல்லிவிட்டிருந்தேன்.